சிப்பின் பெயர் என்ன? லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை வராததன் பின்னணி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்கு அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்திருந்தார். கையில், அவருடைய அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். சார்ஜர் வயரில் இரண்டு இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. பழைய விண்டோஸில் அது எழுந்து உட்காரவே பத்து நிமிடம் ஆகிறது என்று சீனியர் ஒருவர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இப்போது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் திரையின் ஓரத்தில் வைஃபை குறியே இல்லை.

"அண்ணா, ஆஸ்டல் வைஃபையும் காட்டல, என் போன் ஹாட்ஸ்பாட்டும் காட்டல. பேசாம பழையபடி விண்டோஸே போட்டுடலாமா?"

"கொஞ்சம் இரும்மா. உள்ளே இருக்கிற வைஃபை சிப் எதுன்னு தெரியுமா?"

லேப்டாப் கம்பெனியின் பெயரைச் சொன்னார். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து மாடல் எண்ணையும் சொன்னார். சிப்பின் பெயர் தெரியவில்லை. தெரிய வாய்ப்பும் இல்லை. எந்தக் கடையிலும் அதைச் சொல்லி லேப்டாப் விற்பதில்லை.

வேலூர், காட்பாடி, குடியாத்தம் என்று தெரிந்தவர்களின் பழைய லேப்டாப்களுக்குப் பல வருடங்களாக லினக்ஸ் போட்டுக் கொடுத்துவருகிறேன். பிடிக்காமல் லினக்ஸை விட்டவர்களைவிட, வைஃபை வராததால் விட்டவர்கள்தான் அதிகம். அவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "லினக்ஸ்ல வைஃபை வராதுப்பா." இந்த வாக்கியத்தைத்தான் நான் மறுக்கிறேன். பெரும்பாலான சமயம் பழுது லினக்ஸில் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. அந்தச் சிப்பைச் செய்த நிறுவனம் அதை இயக்கும் விவரங்களைக் கொடுத்ததா, பூட்டி வைத்ததா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால்தான் முதல் கேள்வி சிப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

இந்தப் பேச்சு இப்போது ஏன் அவசரம் என்றால், நம் ஊர் வீடுகளின் பரண்களில் லேப்டாப்கள் தூங்குகின்றன. தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011ல் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வழியாக வந்த அந்த இயந்திரங்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சென்னை சி-டாக் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளம் அது. 2019ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த இந்தப் பழைய வடாற்காட்டு மண்ணில், எத்தனையோ பிள்ளைகள் லினக்ஸ் என்ற பெயரை முதன்முதலாகப் பார்த்தது அந்தத் திரையில்தான். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரியில் நின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. பழைய இயந்திரங்களில் அது இல்லை. ஆக, நன்றாக ஓடும் லேப்டாப்பைக் குப்பையில் போடுவதா, லினக்ஸ் போடுவதா என்று பல வீடுகளில் இன்று யோசிக்கிறார்கள். வைஃபை வராவிட்டால் அந்த யோசனை அங்கேயே முடிந்துபோகிறது.

சரி, சிப்பின் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி? லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பச்சை அட்டை இருக்கும். மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்றோ இரண்டோ அதிலிருந்து கிளம்பித் திரையைச் சுற்றி ஓடும். அதுதான் வைஃபை கார்டு, அந்த ஒயர்கள்தான் ஆன்டெனா. கழற்றவேண்டிய அவசியமில்லை. கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து ஒரு கட்டளை கொடுத்தால் போதும். போனில் யாருக்காவது சொல்லும்போது நான் எழுத்தெழுத்தாகச் சொல்வேன்: எல், எஸ், பி, சி, ஐ, அப்புறம் ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, என், என், கே. எல்லாம் சின்ன எழுத்து. பெரிய பட்டியல் ஒன்று ஓடும். அதில் "நெட்வொர்க் கண்ட்ரோலர்" என்று வரும் வரியைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், சிப்பின் பெயர், அதன் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள், நடுவில் முக்காற்புள்ளி. முதல் எண் நிறுவனத்தின் அடையாளம், இரண்டாவது சிப்பின் அடையாளம். முதல் எண் 8086 என்றிருந்தால் அது இன்டெல். 1978ல் வந்த தன்னுடைய புகழ்பெற்ற பிராசஸரின் பெயரையே அந்த நிறுவனம் தன் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி வரவேண்டும்: "கெர்னல் ட்ரைவர் இன் யூஸ்". அதன் பின்னால் ஒரு ட்ரைவரின் பெயர். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, ட்ரைவர் என்பது சிப்பை இயக்கும் நிரல். அந்த வரி இருந்தால், லினக்ஸ் சிப்பை அடையாளம் கண்டு ட்ரைவரைப் பொருத்திவிட்டது. சிக்கல் அதற்கு மேலே எங்கோ இருக்கிறது. அந்த வரி இல்லையென்றால் ட்ரைவர் இல்லை. நெட்வொர்க் கண்ட்ரோலர் என்ற வரியே இல்லையென்றால் கார்டு பயாஸ் என்ற தொடக்க அமைப்பில் அணைந்திருக்கலாம், ஸ்லாட்டில் தளர்ந்திருக்கலாம், அல்லது செத்திருக்கலாம். யுஎஸ்பியில் செருகும் வகை என்றால் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையில் தெரியும்.

ஒரே மாடல் எண் கொண்ட இரண்டு லேப்டாப்களில் இரண்டு வேறு சிப்கள் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த மாதம் எந்த வைஃபை கார்டு மலிவாகக் கிடைத்ததோ அதைப் போட்டு அனுப்புவார்கள். ஆகவே "இந்த மாடல்ல லினக்ஸ் வைஃபை வருமா?" என்று கேட்டால் நேர்மையான பதில் கிடையாது. நண்பனுடைய லேப்டாப்பில் வந்தது, என்னுடையதில் வரவில்லை என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மாணவியின் லேப்டாப்பில் நெட்வொர்க் கண்ட்ரோலர் வரி இருந்தது. ட்ரைவர் வரி இல்லை. அங்கேயே பாதி நிம்மதி வந்துவிட்டது எனக்கு. கார்டு உயிரோடிருக்கிறது, ஆள்தான் இல்லை.

ஏன் ஆள் இல்லாமல் போகிறது? விண்டோஸுக்கான ட்ரைவரை, சிப் செய்யும் நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடும். லினக்ஸில் முறை வேறு. ட்ரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே, அதன் ஒரு பகுதியாக இருக்கின்றன. எழுதுபவர் சிப் நிறுவனத்தின் ஊழியராக இருக்கலாம், எங்கோ உட்கார்ந்திருக்கும் தன்னார்வலராக இருக்கலாம். யார் எழுதினாலும் சிப்பின் உள்விவரம் தேவை: எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் ரேடியோ விழிக்கும், எந்தச் சேனலுக்குப் போகும், எவ்வளவு சக்தியில் பேசும் என்ற குறிப்புகள். நெடுங்காலம் பல நிறுவனங்கள் இந்தக் குறிப்புகளைக் கொடுக்கவில்லை.

வைஃபையின் அடிப்படையான 802.11 தரம் 1997ல் வந்தது. 1999ல் வந்த அதன் பி வகைதான் வீடுகளுக்குள் நுழைந்தது. ஆரம்பக் கார்டுகள் பல, நெட்வொர்க்கைத் தேடுவது, இணைவது, சரிபார்ப்பது எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொண்டன. பிறகு விலையைக் குறைக்கச் சிப்பிலிருந்த வேலையைக் கணினியின் தலையில் ஏற்றினார்கள். விண்டோஸில் அந்தச் சுமையை நிறுவனத்தின் ட்ரைவர் தாங்கியது. லினக்ஸில் அதைத் தாங்கப் பொதுவான ஓர் அடுக்கு அப்போது இல்லை. ஒவ்வொரு ட்ரைவரும் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொண்டது. ஒன்றில் திருத்திய பிழை இன்னொன்றில் அப்படியே இருந்தது. 2003ல் இன்டெல் சென்ட்ரினோ லேப்டாப்கள் வந்தபோது அவற்றின் வைஃபைக்கு லினக்ஸ் ட்ரைவரே இல்லை. 2004ல்தான் இன்டெல் அந்த வேலையை, யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாகத் தொடங்கியது.

பிராட்காம் என்ற நிறுவனத்தின் சிப்களின் கதைதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. நிறுவனம் விவரம் தரவில்லை. தன்னார்வலர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழு, நிறுவனத்தின் மூடிய ட்ரைவரைப் பிரித்துப் படித்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று சாதாரண மொழியில் குறிப்பு எழுதியது. இன்னொரு குழு அந்த மூடிய ட்ரைவரைக் கண்ணால்கூடப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துப் புதிய ட்ரைவரை எழுதியது. யாருடைய நிரலையும் நகலெடுக்கவில்லை என்று சட்டத்தின் முன் காட்டுவதற்காக இந்த ஏற்பாடு. இப்படிப் பிறந்த ட்ரைவர் 2006ல் கெர்னல் 2.6.17ல் சேர்ந்தது. அதன் வாரிசுதான் இன்றும் இருக்கும் பி43. சமையல் குறிப்பைத் தராத ஒருவர் வீட்டுக் குழம்பை ஒருவர் ருசித்து ருசித்துச் சொல்ல, இன்னொருவர் கேட்டுக் கேட்டுச் சமைத்தது போன்ற வேலை அது. அந்த உழைப்புக்கு அவர்கள் யாரும் நம்மிடம் ஒரு பைசா கேட்கவில்லை.

2007ல் கெர்னல் 2.6.22ல் மேக்80211 என்ற பொது அடுக்கு சேர்ந்தது. டிவைஸ்ஸ்கேப் என்ற நிறுவனம் கொடுத்த நிரலிலிருந்து வளர்ந்தது அது. ட்ரைவர் எழுதுபவர் இனிமேல் சிப்பைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும், மற்றதை இந்த அடுக்கு பார்த்துக்கொள்ளும் என்றானது. லினக்ஸ் வைஃபையின் தலையெழுத்தை மாற்றியது இந்த ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். அடுத்த வருடமே ஏதெரோஸ் என்ற வைஃபை சிப் நிறுவனம் ஏத்9கே ட்ரைவரைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சிப்களுக்குத் திறந்த ட்ரைவர் கொடுத்தது.

நிறுவனங்கள் ஏன் இவ்வளவு காலம் பூட்டி வைத்தன? தொழில் ரகசியம் ஒரு காரணம். அவர்கள் சொன்ன இன்னொரு காரணம், அலைவரிசைச் சட்டம். வைஃபை சிப் என்பது ஒரு ரேடியோ. மென்பொருளை மாற்றினால் அனுமதியில்லாத அலைவரிசையிலும் அதிகச் சக்தியிலும் பேசவைக்க முடியும் என்று பயந்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005ல் அனுமதி வந்தது. 5 கிகாஹெர்ட்ஸை 2018ல் பரவலாகத் திறந்துவிட்டார்கள்.

இது ஏதோ தில்லி சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுக்குள்ளும் வரும். அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கி வந்த லேப்டாப் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லார் போனிலும் வைஃபை தெரிகிறது, அதில் மட்டும் தெரியவில்லை. ரவுட்டர் 13ஆம் சேனலில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் 13ஆம் சேனல் செல்லும். அமெரிக்க விதியில் லினக்ஸ் 11ஆம் சேனலோடு நிறுத்திக்கொள்ளும். ஐடபிள்யூ என்ற கட்டளையில் நாட்டை இந்தியா என்று மாற்றலாம். சில சிப்கள் தமக்குள் பதிந்த நாட்டை விட்டுக்கொடுக்காது. அப்போது ரவுட்டரை 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றிவிடுவது சுலபம்.

ட்ரைவருக்கு அப்புறம் ஃபர்ம்வேர். இந்த இரண்டையும் பலர் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். வைஃபை சிப்புக்குள் குட்டியாக ஒரு பிராசஸர் இருக்கிறது. அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அதுதான் ஃபர்ம்வேர். அந்த நிரலைக் கார்டிலேயே நிரந்தரமாக வைத்தால் கூடுதலாக ஒரு மெமரி சிப் தேவைப்படும், விலை ஏறும். அதனால் பெரும்பாலான கார்டுகள் வெறும் மண்டையோடு வருகின்றன. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் ட்ரைவர் அந்த நிரல் கோப்பை எடுத்துச் சிப்புக்குள் ஊட்டவேண்டும். லினக்ஸில் இந்தக் கோப்புகள் லிப் என்ற கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் என்ற கோப்புறையில் இருக்கும்.

ட்ரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லாவிட்டால் வைஃபை எழாது. டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளையைக் கொடுத்தால் கெர்னல் தன் குறிப்பேட்டைக் காட்டும். அதில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். "ஃபெயில்ட் வித் எர்ரர் -2" என்று ஒரு வரி இருந்தால், பயப்பட ஒன்றுமில்லை. -2 என்றால் கேட்ட கோப்பு அங்கே இல்லை என்று பொருள். கோப்பின் பெயரும் அதே வரியில் இருக்கும். இதைவிடத் தெளிவாக ஒரு கணினி தன் குறையைச் சொல்ல முடியாது.

கோப்பு ஏன் முதலிலேயே இல்லை? இங்கும் விஷயம் நிறுவனத்தின் கையில்தான். ஃபர்ம்வேரைப் பகிர நிறுவனம் உரிமம் தரவேண்டும். இன்டெல் போன்றவர்கள் தந்தார்கள். பழைய பிராட்காம் சிப்களுக்கு அந்த உரிமம் கிடைக்காததால், நிறுவனத்தின் மூடிய ட்ரைவர் கோப்பிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுக்க பி43-எஃப்டபிள்யூகட்டர் என்று ஒரு தனிக் கருவியே எழுதினார்கள். டெபியன் போன்ற லினக்ஸ் திட்டங்களுக்கு வேறொரு தயக்கமும் இருந்தது: மூல நிரல் இல்லாத கோப்பை ஒரு கட்டற்ற இயங்குதளத்தில் சேர்க்கலாமா? நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கொள்கையின் பாரம், நிறுவி முடித்ததும் இணையமே இல்லாமல் உட்கார்ந்திருந்த புதியவர்மீது விழுந்தது. 2022ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, நிறுவும் கோப்பிலேயே இந்த ஃபர்ம்வேர்களைச் சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளை மனதார நேசிப்பவன் நான். அந்த முடிவு சரி என்றே சொல்வேன். முதல் நாளே கைவிடப்பட்டவர் இரண்டாம் நாள் திரும்பி வரமாட்டார்.

இதில் இருக்கும் பெரிய கொடுமை, இணையம் வர ட்ரைவர் வேண்டும், ட்ரைவரை இறக்க இணையம் வேண்டும். 2009 வாக்கில் காட்பாடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு பேக்கேஜை, அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் கட்டை, இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். நிறுவினால், இன்னொரு பேக்கேஜ் இல்லை என்று சொல்லும். திரும்பப் போவேன். அதை இறக்கி வந்தால் மூன்றாவது ஒன்றைக் கேட்கும். ஒரு வைஃபை கார்டுக்காக ஒரே நாளில் மூன்று முறை காட்பாடி மேம்பாலத்தைக் கடந்திருக்கிறேன்.

இன்றைக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. எல்லார் கையிலும் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. போனை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகி, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால், லினக்ஸ் அதை ஒயர் வழி வந்த இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும், பாதிப் பேர் லினக்ஸை விட்டிருக்க மாட்டார்கள்.

மாணவியின் போனைச் செருகினோம். சார்ஜ் ஏறியது, டெதரிங் என்ற வரி மட்டும் மங்கலாகவே இருந்தது, தொட்டாலும் ஆன் ஆகவில்லை. இரண்டு முறை பிடுங்கிச் செருகியும் அப்படியே. அப்புறம்தான் கேபிளைப் பார்த்தேன். பேருந்து நிலையத்தில் வாங்கிய மலிவுக் கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும், உள்ளே டேட்டா ஒயர்களே கிடையாது. என் போனின் கேபிளைக் கொடுத்தேன். சில நொடிகளில் திரை ஓரத்தில் ஒயர் இணைப்பின் குறி வந்தது. மின்ட்டில் ட்ரைவர் மேனேஜரைத் திறந்தோம். அது யோசித்து, யோசித்து, ஒரே ஒரு பெயரைக் காட்டியது. தேர்ந்தெடுத்து நிறுவி, ரீஸ்டார்ட் செய்தோம். என் வீட்டு வைஃபை, எதிர் வீட்டு வைஃபை, மாடி வீட்டுக்காரருடையது என்று வரிசையாகப் பெயர்கள் விழுந்தன. "அட, எல்லாம் வருதுண்ணா!" என்று அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்படித் தனியாக நிறுவும் ட்ரைவர்களில் இரண்டு கண்ணிகள் உண்டு. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஒன்று, செக்யூர் பூட். புதிய லேப்டாப்களில் நம்பகமான டிஜிட்டல் கையெழுத்தில்லாத ட்ரைவரை அது உள்ளே விடாது. நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத்தில் ஒரு திரை வந்து சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். பலர் பயந்துபோய் "கன்டினியூ" கொடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான், ட்ரைவர் நிறுவியும் வேலை செய்யாது. அந்தத் திரையில் "என்ரோல் மோக்" என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்கவேண்டும்.

இன்னொன்று, கெர்னல் அப்டேட். கெர்னலுக்கு வெளியே இருக்கும் ட்ரைவரைக் கெர்னல் மாறும்போதெல்லாம் புதிதாகக் கட்டவேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைத் தானாகச் செய்யும். கெர்னல் ஹெடர்ஸ் என்ற பேக்கேஜ் இல்லாவிட்டால் செய்யாமல் விட்டுவிடும். "நேத்து வரைக்கும் வந்துச்சு, அப்டேட் போட்டதும் போச்சு" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். கணினி எழும்போது க்ரப் என்ற தொடக்க மெனுவில் "அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்" போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை திரும்பி வரும். அதை வைத்துக்கொண்டே ஹெடர்ஸை இறக்கிவிடலாம்.

ட்ரைவர், ஃபர்ம்வேர் இரண்டும் இருந்தும் வைஃபை அணைந்தே கிடந்தால், ஆர்எஃப்கில் லிஸ்ட் என்ற கட்டளை. அதில் சாஃப்ட் பிளாக், ஹார்ட் பிளாக் என்று இரண்டு வரி காட்டும். சாஃப்ட் என்றால் மென்பொருள் அணைத்தது. அன்பிளாக் கட்டளையில் திறந்துவிடலாம். ஹார்ட் என்றால் லேப்டாப்பின் பக்கவாட்டிலோ கீபோர்டிலோ இருக்கும் விமானக் குறிப் பட்டன் வேலை. சில வருடங்களுக்கு முன் சில லெனோவோ ஐடியாபேட் மாடல்களில், அப்படி ஒரு பட்டனே இல்லாமல் ஹார்ட் பிளாக் என்று காட்டும் சிக்கல் இருந்தது. ஐடியாபேட்_லேப்டாப் என்ற கெர்னல் மாட்யூல் (கெர்னலோடு சேரும் துணை நிரல்), இல்லாத பட்டனின் நிலையைப் படித்துத் தவறாகப் புரிந்துகொண்டது. பட்டன் இல்லாத மாடல்களின் பட்டியலைக் கெர்னலிலேயே சேர்த்து அதைத் திருத்தினார்கள். பழைய கெர்னலில் இருப்பவர்கள் அந்த மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்தால், அதாவது ஏறவிடாமல் தடுத்தால், சரியாகிவிடும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 8லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதித் தூக்கத்தில் கிடக்கும். வைஃபை கார்டும் அதே மயக்கத்தில் லினக்ஸின் கைக்கு வரும். ஒருநாள் வைஃபை வருகிறது, ஒருநாள் வரவில்லை என்றால் விண்டோஸில் அதை அணைத்துப் பாருங்கள்.

வைஃபை வந்தபிறகும் விட்டு விட்டு வந்தால், பெரும்பாலும் மின்சேமிப்புதான். பேட்டரியை மிச்சப்படுத்த, வேலையில்லாத நேரத்தில் கார்டைத் தூங்கவைப்பார்கள். சில சிப்கள் தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழுவதில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையிலும் மின்ட்டிலும், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்ற வரி 3 என்று இருக்கும். அதை 2 ஆக்கினால் மின்சேமிப்பு அணையும்.

சிக்னல் ரவுட்டருக்குப் பக்கத்தில் மட்டும் முழுதாக வந்து, பத்தடி தள்ளினால் செத்துப்போனால், அது வேறு கதை. சில கார்டுகளில் ஆன்டெனா மாட்ட இரண்டு முனைகள் இருக்கும். லேப்டாப் செய்தவர்கள் செலவைக் குறைக்க ஒன்றில் மட்டும் ஒயரை மாட்டியிருப்பார்கள். ட்ரைவரோ ஒயர் மாட்டாத முனையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ரியல்டெக் 8723பிஇ சிப்பின் ட்ரைவரில் இதற்காகவே ஆன்ட்_செல் என்று ஓர் அமைப்பு உண்டு. 1 அல்லது 2 கொடுத்துப் பார்க்கவேண்டும். ஒரே ஒரு எண்ணை மாற்றியதும் ஒரு கோடாக இருந்த சிக்னல் நான்கு கோடாக எழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கொசப்பேட்டை, வேலப்பாடி பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரே ஒன்றரை அடி இருக்கும். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறைக்கே திணறும். ட்ரைவரைக் குறை சொல்வதற்கு முன் 2.4க்கு மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

விடுதி வைஃபையில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தனித்தனியாகக் கேட்பது டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ் வகை. விண்டோஸ் பாதியைத் தானே ஊகித்துக்கொள்ளும். லினக்ஸ் உங்களைக் கேட்கும். பெரும்பாலும் பீப், எம்எஸ்சேப்வி2 என்ற இரண்டு சரிபார்ப்பு முறைகளையும் தேர்ந்தெடுத்தால் போதும். சான்றிதழ் எது என்பதை விடுதியின் கணினிப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். உபுண்டு 22.04க்கு மாறியதும் இந்த வகை வைஃபை சில இடங்களில் நின்றுபோனது. அதிலிருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற பாதுகாப்பு மென்பொருள், பாதுகாப்புக் குறைந்த பழைய சர்வர்களோடு பேச மறுத்ததுதான் காரணம்.

எல்லாம் பார்த்தும் முடியவில்லையென்றால் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகலாம். அங்கேயும் சிப்பின் பெயரைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். அட்டைப்பெட்டியில் "லினக்ஸ் சப்போர்ட்" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். எப்போதோ ஒரு பழைய கெர்னலுக்குக் கொடுத்த நிரலைக்கூட அப்படிச் சொல்லுவார்கள். ஒரே பெயரில் வரும் அடாப்டரின் வி1, வி2, வி3 ஒவ்வொன்றிலும் வேறு சிப் இருப்பதும் சாதாரணம். ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் கொண்டது கிடைத்தால் விடாதீர்கள். வேகம் குறைவுதான், 2.4 மட்டும்தான். ஆனால் ட்ரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஃபர்ம்வேரின் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. வைஃபை உலகில் அப்படி முழுதும் திறந்த சிப்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உள்ளே இருக்கும் கார்டையே மாற்றுவதென்றால் இன்டெல் கார்டு நல்லது. சில பழைய லேப்டாப்கள் தெரியாத கார்டைக் கண்டால் எழவே மறுக்கும். வாங்கும் முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாணவி கிளம்பும்போது அவருடைய சிப்பின் பெயரையும் அந்த இரண்டு எண்களையும், ட்ரைவரின் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி லேப்டாப்பின் அடியில், மாடல் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொடுத்தேன். பத்து நாள் கழித்து இரவில் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. வேறு ஏதோ ஒரு லேப்டாப்பின் திரை. டெர்மினலில் நெட்வொர்க் கண்ட்ரோலர் வரி, அதன் கடைசியில் எண்கள். கீழே ட்ரைவர் வரி இல்லை. "பக்கத்து ரூம் அக்காவோடது, புதுசு. டெதரிங் போட்டுட்டேன். ட்ரைவர் மேனேஜர்ல எதுவும் வரல."

எண்ணைத் தேடிப் பார்த்தேன். அந்தச் சிப்புக்கு ஆதரவு வந்தது கெர்னல் 6.2ல். அந்த அக்காவின் மின்ட்டில் இருந்தது 5.15. "அப்டேட் மேனேஜர் திற. வியூ, அதுல லினக்ஸ் கெர்னல்ஸ். 6.2க்கு மேல எது இருக்கோ அதைப் போடும்மா" என்று பதில் அனுப்பினேன்.